அக்கினி நட்சத்திரத்தில் ஒரு பனிக்கூரை

ஞாயிறு, குடியாத்தம்

பனிச்சறுக்கு ஊர்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பது ஊரே சேறாகக் கிடக்கும் காலத்தில்தான். அமெரிக்காவின் கொலராடோவில் ஏப்ரல் நடுவில், ஆட்களை மலைமேல் ஏற்றிப் போகும் லிப்டுகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். மலையில் இருந்த பனியெல்லாம் தண்ணீராக இறங்கிவரும். வாடகைக்கு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், பாதி உணவகங்களில் கதவு சாத்தியிருக்கும். ஈரம் வடிந்து, அஸ்திவாரம் தோண்டும் வேலை தொடங்கும் வரை அங்கே பனிச்சறுக்கு வீடுகளை வடிவமைக்கும் எங்களைப் போன்ற வரைபட மேசைக்காரர்களுக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும். ஆகவே நான் ஊருக்கு வருவது எப்போதும் அக்கினி நட்சத்திரத்தில்தான்.

சென்ட்ரலில் ஏறி காட்பாடியில் இறங்கியபோது மணி பதினொன்று. நடைமேடையின் தகரக் கூரைக்குக் கீழே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான். அப்பா வந்திருந்தார். "மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போகிறார்கள். நீ மலையை விட்டுவிட்டு வெயிலுக்கு வருகிறாய்" என்றார். வருடா வருடம் சொல்கிற வாக்கியம்.

இந்த முறை வந்ததற்கு ஒரு வேலையும் இருக்கிறது. தம்பி ஏலகிரியில் அத்தனாவூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறான். சாப்பாடு முடிந்த கையோடு தொலைபேசியில் நான்கைந்து படங்களைக் காட்டினான். எல்லாம் பனி மூடிய மர வீடுகள். "அக்கா, நீ அங்கே கோடீஸ்வரர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறாயே, அதே மாதிரி ஒன்று. கூரை செங்குத்தாக இருக்க வேண்டும். கூடத்தில் நெருப்பு எரிகிற கணப்பு வேண்டும்."

"ஏலகிரியில் எதற்கடா கணப்பு?"

"டிசம்பரில் குளிரும்."

குளிரும்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடு போடுவதற்கு முன் இந்தப் பக்கத்துக் கூரைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது. எனக்கு அது வேலையில் பாதி.

என் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சிவில் இன்ஜினீயரிங் படித்தேன். சென்னையில் ஒரு கட்டமைப்பு ஆலோசனை நிறுவனத்தில் உத்திரத்துக்கும் தூணுக்கும் கம்பிக் கணக்குப் போட்டேன். ஆர்க்கிடெக்ட் அனுப்பும் படம் வரும், அது நிற்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை பிடித்திருந்தது. ஆனால் ஒரு மருத்துவமனைப் படத்தில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிற பாதை மூன்று இடத்தில் திரும்பியது. ஒரு தூணை நகர்த்தினால் நேராகிவிடும். கேட்டேன். "நீங்கள் கம்பியை மட்டும் பாருங்கள்" என்று பதில் வந்தது. அன்றைக்கு வந்த எரிச்சல்தான் பிறகு படிப்பாக மாறியது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது. பதிவுக்கு வழி ஐந்தாண்டு இளநிலைப் படிப்பு. இன்ஜினீயருக்குக் குறுக்கு வழி கிடையாது, முதலாண்டில் போய் உட்கார வேண்டும். அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்றே மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதை முடித்து, 3,740 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்து கணக்குக் காட்டி, ஆறு தேர்வுகள் எழுதி, உரிமம் வாங்கினேன். உறவினர் வட்டத்தில் அப்போது ஓடிய பேச்சு: "கிடைத்த வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதில் அட்டையை வெட்டி வீடு செய்து விளையாடுகிறாளாம்." முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டு முழுக்க அட்டைதான் வெட்டினோம்.

திங்கள், வேலூர்க் கோட்டை

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். எட்டரைக்கு மேல் கருங்கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது.

கோட்டையைப் பற்றி எழுதாதவர் இல்லை. 16ஆம் நூற்றாண்டு, விஜயநகர ஆட்சி, சின்ன பொம்மு நாயக்கர், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அகழியைச் சுற்றி நடந்துவிட்டு நேராக ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போனேன். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981இல்தான் லிங்கம் மறுபடி உள்ளே வந்தது. 'சாமி இல்லாத கோயில்' என்று வேலூரைச் சொல்லும் பழைய கேலி அத்தோடு செல்லாமல் போனது. 'தண்ணீர் இல்லாத ஆறு' என்பதற்கு மட்டும் பாலாறு இன்னும் சாட்சி சொல்கிறது.

நான் பார்க்கப் போனது கல்யாண மண்டபம். எல்லோரும் யாளியையும் குதிரை வீரனையும் படமெடுப்பார்கள். அவை படமெடுக்க வேண்டியவைதான். ஆனால் மண்டபத்தின் ஓரத்தில் நின்று தலையை நிமிர்த்தினால் கொடுங்கை தெரியும். கூரை முடிகிற இடத்தில் வெளியே நீண்டு, வளைந்து, கீழ்நோக்கி இறங்கி, நுனியில் மறுபடி லேசாக மேலே சுழிக்கும் கல். முழுக்க கருங்கல். விஜயநகரக் காலத்துக் கொடுங்கைகளின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தால் மரச் சட்டங்கள் வரிசையாகப் போவது போலக் கல்லில் செதுக்கியிருப்பது தெரியும். மரத்தில் வேலை செய்து பழகிய கை, கல்லுக்கு மாறிய பிறகும் பழைய பழக்கத்தை விடவில்லை. தொழில் மாறியவள் என்பதால் எனக்கு அந்த வரிகளின் மேல் தனிப் பாசம்.

வேலை என்று பார்த்தால் கொடுங்கைக்கு இரண்டு கடமை. மழைத் தண்ணீரைத் தூணிலிருந்து தள்ளி விழ வைக்க வேண்டும். வெயில் மண்டபத்துக்குள் நுழையாமல் மறைக்க வேண்டும். ஏழே முக்காலுக்கு அதன் நிழல் மேடையின் விளிம்பில் இருந்தது, எட்டரைக்கு மேடையை விட்டு வெளியே போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி இடம் மாறவே இல்லை.

தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கம்? கல்லை எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம், வளைக்க முடியாது. நீளமான கல் உத்திரம் தன் பாரத்தாலேயே அடியில் விரிசல் விடும். அதனால் சில அடிக்கு ஒரு தூண். எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்பது இதற்கு நேர்மாறு. நாற்பது அடிக்கு ஒரு தூணும் இல்லாமல் கண்ணாடி, அதற்கு அப்பால் மலை. கேட்பது எளிது. கொலராடோவின் மலையூர்கள் பலவற்றில் பனிப் பாரத்துக்குச் சதுர அடிக்கு 75 பவுண்டு, 100 பவுண்டு என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். 100 பவுண்டு என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 490 கிலோ. நம் இந்திய விதிநூலில், ஆள் ஏறாத தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 75 கிலோ, ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு 150 கிலோ. வித்தியாசம் புரிகிறதல்லவா? அந்தப் பாரத்தில் உத்திரம் அரை அங்குலம் தொய்ந்தாலே கீழே உள்ள நெகிழ் கதவு ஜனவரி மாதத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வீடு இடியாது, பாதுகாப்புக்குக் குறைவில்லை, கணக்கும் சரி. ஆனால் கதவு திறக்காது. இன்ஜினீயராக நான் முன்பு முதல் மூன்றோடு நிறுத்தியிருப்பேன்.

செவ்வாய், குடியாத்தம்

வெளியே எங்கும் போகவில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருக்கிறது. தெருவெல்லாம் பந்தல் மூங்கில். பெரியம்மா வீட்டுக்கு மட்டும் போனேன். அது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. ஒழுகுகிறது என்று மேஸ்திரியை வரச் சொல்லியிருந்தார்கள்.

மேஸ்திரிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மாடிக்கு ஏறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஒழுகிய இடத்தில் தட்டோட்டை இரண்டு பெயர்த்து உள்ளே காட்டினார். மேலே தட்டோடு, அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை, அதற்குக் கீழே பக்கவாட்டில் நிமிர்த்தி மூலைவாட்டாக அடுக்கிய சிறு செங்கல், அதைத் தாங்கும் தேக்குக் கட்டைகள். காரை போட்ட பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்களாம். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்களாம். "பாட்டு நின்றால் தட்டு நிற்கும். அதனால் பாட்டுக்காரிக்குக் கூலி கூட" என்றார்.

பெயர்த்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கினேன். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வெயிலில் சுட்டது. மறுபக்கம், அரையடிக்குக் கீழே இருந்த பக்கம், சாதாரணமாக இருந்தது. மணி அப்போது பதினொன்றரை. அந்தச் சூடு கீழே வந்து சேர மாலையாகிவிடும், அதற்குள் வெளியே காற்று வீசத் தொடங்கிவிடும். எதிர் வீட்டில் ஐந்து அங்குல கான்கிரீட் தளம். அங்கே இரவு பத்து மணிக்கும் மின்விசிறி கொதிக்கும் காற்றைத்தான் கீழே தள்ளும் என்று அந்த வீட்டு அம்மாளே புலம்பினார்.

மேஸ்திரி என் வேலையைப் பற்றிக் கேட்டார். அங்கே கூரைக்கு என்ன பிரச்சினை என்றார். பனிக்கட்டி அணை என்று ஒன்று உண்டு என்று விளக்கினேன். கூரை மேல் மூன்றடி பனி கிடக்கிறது. வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுகிறது. உள்சூடு கூரை வழியாகக் கசிந்து பனியின் அடியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி வருகிறது. ஆனால் சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாணத்துக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. தண்ணீர் அங்கே வந்ததும் மறுபடி உறைகிறது. நாளாக ஆக அது வரப்பு மாதிரி உயர்ந்து நின்றுவிடுகிறது. பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்து, வீட்டுக்குள் ஒழுகுகிறது.

"வெளியே உறைகிற குளிரில் உள்ளே ஒழுகுகிறதா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "சரி, அதற்கு என்ன செய்வீர்கள்?"

இரண்டு கூரை போடுவோம் என்றேன். வீட்டை மூடும் கூரை ஒன்று, வெப்பம் தப்பாமல் தடிமனாகப் பஞ்சு வைத்து, காற்று கசியாமல் அடைத்தது. அதற்கு மேலே சில அங்குலம் இடைவெளி விட்டு, பனியைத் தாங்கும் கூரை இன்னொன்று. இறவாணத்தில் குளிர்ந்த காற்று நுழையும், இடைவெளி வழியாக ஏறி முகட்டில் வெளியேறும். மேல்கூரை எப்போதும் வெளிக்காற்று அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும், பனி உருகாது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓட்டு வீட்டில் மச்சு போடுவோமே, அதுதானே இது?"

அதேதான். சீமை ஓட்டுக்கும் அதற்குக் கீழே போடும் மரத்தட்டான மச்சுக்கும் நடுவே காற்று. நாங்கள் வீட்டுச் சூடு பனிக்குப் போகாமல் தடுக்கிறோம், இவர்கள் வெயிலின் சூடு வீட்டுக்கு வராமல் தடுத்திருக்கிறார்கள். காற்றுக்கு இதில் பேதமில்லை. சுட்ட பானைகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே சுண்ணாம்புக் காரை போட்ட மாடிகளையும் அவர் பார்த்திருக்கிறாராம். பானைக்குள் அடைபட்ட காற்று செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான். தொழில் நுணுக்கம் பேசிக்கொண்டே ஒழுகலை மறந்துவிட்டோம். பெரியம்மா கீழேயிருந்து கத்தினார்.

புதன், ஆம்பூர் வழியாக ஏலகிரி

ஆம்பூரில் பிரியாணி. சீரகச் சம்பா, கத்தரிக்காய்ப் பச்சடி, அவ்வளவுதான் சொல்வேன். இதைப் பற்றி ஊரே எழுதியாகிவிட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்றும் தோலுக்குப் பேர்போனவை. நெடுஞ்சாலையோரக் காலணித் தொழிற்சாலைகளைப் பார்த்தபோது, பனிச்சறுக்குக் காலணியும் ஒரு காலத்தில் தோல்தானே என்று நினைத்துக்கொண்டேன். 1960களில் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் அது ஒரு கவசமானது. அதைப் போட்டுக்கொண்டு படியேற முடியாது, வழுவழுப்பான தரையில் நடக்க முடியாது. பனிச்சறுக்கு வீட்டின் தளமே இந்தக் காலணியிலிருந்துதான் தொடங்குகிறது. நாளை விரிவாக.

பொன்னேரியிலிருந்து மலைப்பாதை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர் அல்லது வள்ளல் பெயர். தம்பி ஓட்டினான். கம்பரையும் கபிலரையும் இவ்வளவு வேகமாகக் கடந்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வியாழன், அத்தனாவூர்

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். கீழே திருப்பத்தூர் கொதிக்கும்போது இங்கே மதியம் வெயில் சுள்ளென்று அடித்தாலும் நிழலுக்குப் போனால் உடம்பு அடங்கிவிடுகிறது. பலா மரங்களில் அடியிலிருந்தே காய். காலையில் நிலத்தைப் பார்த்தோம். தெற்குப் பக்கம் சரிவு, மேற்கில் பாறை, நடுவில் ஒரு பெரிய நெல்லி. நெல்லியை வெட்டினால் நான் படம் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிறகு விடுதிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். தம்பிக்குப் பிடித்த மாதிரி வீடுகள் இங்கே ஏற்கெனவே வந்துவிட்டன. அறுபது டிகிரி சரிவுக் கூரை, அதன் மேல் கருஞ்சிவப்புத் தகடு, முன்புறம் முக்கோணக் கண்ணாடி. ஒன்றின் உள்ளே போய்ப் பார்த்தேன். முக்கோணக் கண்ணாடி மேற்கே பார்த்திருந்தது. மாலை நான்கு மணிக்கு அந்த அறையில் யாரும் உட்கார முடியாது. குளிர்சாதனப் பெட்டி முக்கிக்கொண்டிருந்தது. கூரை சுவரோடு முடிந்துவிட்டது, இறவாணம் ஒரு சாண்கூட இல்லை, மழைச்சாரல் சுவரில் பச்சைக் கோடு போட்டிருந்தது. இதற்கு 'ஸ்விஸ் பாணி' என்று பெயர்.

ஸ்விட்சர்லாந்தின் பழைய மலை வீடுகளைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே பல பள்ளத்தாக்குகளில் கூரைச் சரிவு குறைவு. பனி வழுக்கி விழாமல் மேலேயே கிடக்க வேண்டும், அதுவே வீட்டுக்குக் கம்பளி என்பது அவர்கள் கணக்கு. இறவாணம் மட்டும் அகலமாக நீண்டிருக்கும். ஜப்பானில் ஷிரகாவா-கோ ஊரில் வேறு மாதிரி: பனி ஈரமாகவும் கனமாகவும் விழும், கூரையோ புல். அங்கே அறுபது டிகிரிச் சரிவு, பனி தங்கவே கூடாது. இரண்டும் சரி. மேலே என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது, விழுந்ததை வைத்துக்கொள்வதா தள்ளுவதா என்று கேட்டுக்கொண்டு கட்டியவை. ஏலகிரியில் விழுவது வெயிலும் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையும். அந்த முக்கோணம் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை.

தம்பி முகம் சுருங்கியது. "அப்படியானால் நீ அங்கே போடுவது மட்டும் என்ன, அலங்காரம் இல்லையா?" என்றான்.

நியாயமான கேள்வி. இரவு விடுதித் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னேன். அங்கும் அலங்காரம் ஏராளம். வேய்ல் என்ற ஊரே 1962இல் ஆல்ப்ஸ் கிராமத்தைப் பார்த்து எழுப்பியது. ஆனால் வாடிக்கையாளர் பணம் கொட்டும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது யாரும் படமெடுக்காத ஓர் அறை: பனிச்சறுக்கு அறை. சரிவிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். முதலில் வெளியே பலகைகளைக் கழற்ற வேண்டும். கையில் தடி, தலையில் கவசம், கண்ணாடி, ஈரக் கையுறை. கூடவே அழுகிற குழந்தை ஒன்று. உள்ளே நுழைந்ததும் உட்கார ஒரு பெஞ்சு, ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். அதைவிடத் தாழ்வென்றால் அந்தக் காலணியோடு எழுந்திருக்க முடியாது. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய், உருகும் பனி வடிய ஒரு சாக்கடைத் துளை, தரை அந்தப் பக்கமாக மெல்லச் சரிந்திருக்க வேண்டும். காலணிக்குள் இதமான சூட்டுக் காற்றை ஊதும் குழாய்கள் வரிசையாக. காலணியை அதில் கவிழ்த்து மாட்டினால் காலைக்குள் காய்ந்துவிடும். பலகைக்கு ஆளுக்கொரு அலமாரி. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் மரத்தரை, வெறுங்கால், கூடம்.

"நம் வீட்டு வாசலில் அண்டாவில் தண்ணீர் இருக்குமே, கால் கழுவிவிட்டுத்தான் திண்ணையே ஏற வேண்டும் என்று பாட்டி நிற்பாளே" என்றான் தம்பி.

ஆமாம், அந்த ஒழுங்குதான். வாசல், அண்டா, திண்ணை, ரேழி. நான் அந்த அறையை வரையும்போது மற்றவர்களைவிட வேகமாக வரைகிறேன் என்றால் அதற்குப் பாட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வெள்ளி, நிலாவூர் நடை

புங்கனூர் ஏரியில் படகுக் கூட்டம். நிலாவூர்ப் பக்கம் நடந்தோம். தம்பி இன்னும் விடவில்லை, 'சொகுசு' என்றால் அங்கே என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வரும் வண்டிப்பாதையையே சூடேற்றுவார்கள் என்று சொன்னபோது நின்றுவிட்டான். கான்கிரீட்டுக்கு அடியில் வளைந்து வளைந்து பிளாஸ்டிக் குழாய், அதில் உறையாமலிருக்க கிளைக்கால் கலந்த வெந்நீர். பனி விழ விழ உருகி ஓடிவிடும், வாரித் தள்ள ஆள் வேண்டாம். வீட்டுக்காரர் வருடத்தில் சில வாரங்கள்தான் வருவார். மற்ற நாட்களிலும் குழாய் வெடிக்காமலிருக்க உள்ளே சூடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"வீணில்லையா?"

வீண்தான். எனக்கு அதில் சங்கடம் உண்டு. அதற்காக வேலையை விட்டுவிடவும் இல்லை. கொலராடோவில் ஆஸ்பென் என்ற பனிச்சறுக்கு ஊர் இருக்கும் பிட்கின் மாவட்டம் 2000இல் ஒரு விதி கொண்டுவந்தது. வெளியே பாதையைச் சூடாக்குவதற்கும் நீச்சல் குளத்துக்கும் ஓர் அளவுக்கு மேல் எரிசக்தி செலவழித்தால், ஒன்று சூரிய மின்சாரம் போன்ற ஏற்பாட்டால் அதை ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணத்தைப் பார்த்ததும் பாதையின் நீளத்தைப் பாதியாக்கச் சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. வண்டிக் கொட்டகையைச் சாலைக்கு அருகில் நகர்த்தினால் போதும், பாதையே வேண்டாம். அதை முதல் நாளே சொல்வதுதான் என் தொழில். பணக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்பது பாதி உண்மை. கேட்பார்கள், எண்ணைக் காட்ட வேண்டும். இன்ஜினீயரிங் படித்தது அந்த இடத்தில் கைகொடுக்கிறது.

நடையில் இன்னொரு கதையும் சொன்னேன், அவனுக்கு அதுதான் பிடித்தது. பனிச்சறுக்கு மலைகளில் ஆளை உட்கார வைத்து மேலே தூக்கிப் போகும் நாற்காலி லிப்டு 1936இல் ஐடஹோவின் சன் வேலியில் முதன்முதலாக ஓடியது. அதை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கரன், யூனியன் பசிபிக் ரயில்வே இன்ஜினீயர். கப்பலில் வாழைத்தார் ஏற்றுவதற்குக் கொக்கிகள் தொங்கும் கம்பிவடம் ஒன்று உண்டு. கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார், அவ்வளவுதான். வெப்ப நாட்டு வாழைக்குலைக்குச் செய்த ஏற்பாட்டில்தான் இன்றும் உலகம் பனிமலை ஏறுகிறது. "அப்படியானால் நம் ஊர்ச் சரக்கும் அங்கே போயிருக்கிறது" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனி, காவலூர்

ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். வெயிலுக்குச் சாமைக் கூழ் கிடைத்த கடையில் இரண்டு சொம்பு உள்ளே போனது.

வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், அதாவது சுமார் 92 அங்குலம். 1986இல் இந்த ஆய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். அதற்கு முன்பே, 1977இல், யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த நிகழ்வில் இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு.

தம்பி தொலைநோக்கியைப் பார்த்தான், நான் அதன் கூரையைப் பார்த்தேன். திறக்கவும் சுழலவும் வேண்டிய கூரை. தொலைநோக்கிகளைத் தாங்கும் தூணுக்குக் கட்டடத்தோடு தொடர்பில்லாத தனி அஸ்திவாரம் போடுவது வழக்கம். யாராவது படியில் நடந்தால் அந்த அதிர்வு ஆடிக்குப் போகக் கூடாது. குவிமாடத்துக்குள் காற்றும் வெளிக்காற்றும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும், உள்ளே சூடு தேங்கினால் நட்சத்திரம் கானல் போல நடுங்கும். பகல் முழுக்க வெயிலைத் தடுத்து வைத்துவிட்டு, இரவில் திறந்து கொடுக்க வேண்டிய கூரை. வேலூர்ப் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் இந்த நிபந்தனையைப் போடலாம் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் மலைக் கிராமம் ஒன்றில் நிறுத்தினோம். மண் சுவர், புல் கூரை, குனிந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குத் தாழ்ந்த இறவாணம். அதன் நிழலில் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். தம்பி தானாகவே கையை நீட்டி, சுவரிலிருந்து இறவாணத்தின் நுனி வரை சாண் போட்டு அளந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு, குடியாத்தம்

காலையில் வரைபடத்தை விரித்தேன். நெல்லியைச் சுற்றி இரண்டு கட்டாக வீடு. இரட்டைக் கூரை: மேலே சீமை ஓடு, கீழே மச்சு, நடுவில் காற்று ஓட வழி, முகட்டில் வெளியேற வாய். சரிவு இருபத்தைந்து முப்பது டிகிரி போதும். இறவாணம் நான்கடி. மேற்கே கண்ணாடி கிடையாது. பாறையும் தடிச் சுவரும். கண்ணாடி வேண்டுமென்றால் வடக்கே வைத்துக்கொள்ளட்டும். கால் கழுவும் இடம், திண்ணை, அப்புறம்தான் உள்ளே. கணப்பு கூடத்தில் இல்லை, வெளித் தாழ்வாரத்தின் மூலையில், டிசம்பருக்கு.

தம்பி பத்து நிமிடம் பார்த்தான். "கூரை கொஞ்சம் செங்குத்தாக..."

"எவ்வளவு செங்குத்து வேண்டும் என்று சொல், ஓட்டுக்கும் ஆளுக்கும் ஆகும் கூடுதல் செலவை எழுதித் தருகிறேன்." எழுதித் தந்தேன். விட்டுவிட்டான்.

அம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். கூழ் வடாம் பிழிய மாவு கிளறிக்கொண்டிருந்தவர். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வீடு முழுக்கச் சரிவாகப் போட்டுவிட்டாயே, வடாம் எங்கே காயவைப்பது? மோர் மிளகாய்? போர்வை துவைத்தால்?"

"இது விடுமுறை வீடம்மா."

"மே மாதம்தானே விடுமுறை? வடாமும் மே மாதம்தான்."

இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என் கூரையை இவ்வளவு சுருக்கமாகத் திருப்பி அனுப்பியதில்லை. மத்தியானமே மாற்றினேன். கிழக்குக் கட்டுக்கு ஓட்டுச் சரிவு வேண்டாம். அங்கே மெட்ராஸ் டெரஸ் முறையில் தட்டோடு பதித்த மொட்டை மாடி, ஏற அகலமான படி, கைப்பிடிச் சுவர் இரண்டே முக்கால் அடியிலிருந்து மூன்றரை அடியாக, பேரப்பிள்ளைகள் ஓடுவதற்காக. பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. வடாமுக்கு அது தாராளம் என்று அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன்.

மேஸ்திரிக்குத் தொலைபேசி போட்டோம். சுண்ணாம்பு கிடைக்கும், கடுக்காய் கிடைக்கும், தட்டுகிறவர்களைத்தான் தேட வேண்டும் என்றார். போளூர்ப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்களாம். விழா முடிந்ததும் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டுக்காரிக்குக் கூலி கூட என்பதை மறுபடி நினைவூட்டினார். தம்பி அதையும் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டான்.